ஒரு ‘வேண்டாம்’ போதும்

பிப்ரவரி 4

என் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி நடத்துகிறவள் எதற்குப் படி ஏற வேண்டும் என்று கேட்பாய். எங்கள் அலுவலகம் இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. உன் புதிய காதுக் கருவி பொருந்தியதா? போனில் நீ “ஆங்? ஆங்?” என்று கத்துவதைவிட இப்படி எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அடித்து அடித்துத் திருத்திய கையெழுத்து வீணாகப் போகக்கூடாது.

டிசம்பரில் மூன்று மெக்கானிக்குகள் ஒரே நாளில் போனார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பெரிய கம்பெனி கூப்பிட்டது, போய்விட்டார்கள். மூவரும் உன் அத்தான் தேடிப் பிடித்த கைகாரர்கள். அதில் ஒருவன் போகும்போது மெஷின் ரூம் சாவிக்கொத்தை, போன் எடுக்கும் பெண்ணின் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனான். அவள் அழவில்லை. “போகட்டும்மா, இனிமே நிம்மதியா போன் எடுப்பேன்” என்றாள். ஐந்து வருடமாக அவளை அவன் என்ன பாடு படுத்தினான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை!

டிசம்பரையும் ஜனவரியையும் எப்படியோ ஒப்பேற்றினோம். ஜூனில் புது ஆஸ்பத்திரியின் எட்டு லிஃப்டுகள் நம் பொறுப்புக்கு வருகின்றன. அதற்குள் மூன்று பேர் வேண்டும். அத்தான் இருந்தவரை ஆள் எடுக்கும்போது கையைப் பார்ப்பார். நான் வாயைப் பார்க்கப் போகிறேன். வருகிறவர் ஒரு நாள் முழுக்க நம் ஆட்களோடு வேலை செய்ய வேண்டும். மாலையில் தேநீரோடு எல்லோரும் உட்காருவோம். கேள்வி ஒன்றுதான்: “கடைசியாக என்ன தப்பு செய்தீர்கள், அதை யாரிடம் சொன்னீர்கள்?” பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, இருக்கிற ஆறு பேரும் வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரே ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் வேண்டாம். எனக்கு ஓட்டு கிடையாது! நானே கரும்பலகையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஒரு பெண்பிள்ளை இப்படிக் குதிக்கலாமா என்று கேட்காதே. குதிக்கிறேன்.

மருமகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

———

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

காதுக் கருவி பொருந்திவிட்டது. இப்போது மருமகள் சமையலறையில் என்னைப் பற்றிப் பேசுவது நன்றாகவே கேட்கிறது. கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன், நிறைய விஷயம் கிடைக்கிறது. உன் முழங்காலுக்கு நான் அனுப்பிய பட்டையைக் கட்டுகிறாயா? கட்டமாட்டாய். புடவைக்குக் கீழே தெரியும் என்பாய்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உனக்கு ஓட்டு இல்லை என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டாயா? பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டில் தோற்றால் பந்தோடு வீட்டுக்குப் போகிறவள் நீ!

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவனுக்கு வேலை போய்விட்டது. ஒரு துணிக்கடையின் லிஃப்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இது ஓடக்கூடாது” என்று நிறுத்திவிட்டான். மேலதிகாரி ஓட்டச் சொன்னார். இவன் கடை முதலாளியிடமே போய், “ஐயா, பிரேக் தேஞ்சிருக்கு. ஆளை ஏத்தாதீங்க” என்று சொல்லிவிட்டான். மறுநாள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். “கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேடா” என்றேன். “மூடிக்கிட்டு இருந்தா தூக்கம் வராதும்மா” என்றான். உன் கரும்பலகைக்கு என்றே பெற்ற பிள்ளை மாதிரி இல்லையா? கூப்பிட்டுக்கொள், அக்கா.

உன் தங்கை

———

மார்ச் 1

என் தங்கைக்கு,

நீ நலம் என்று உன் குறும்பே சொல்கிறது. என் முழங்காலும் நலம். பட்டை அலமாரியில் நலமாக இருக்கிறது.

முதலில் வந்தவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என்ன கை அவனுக்கு! கதவு இடிக்கிற லிஃப்டைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தானாம். நம் மூத்த மெக்கானிக் உனக்குத் தெரியும், யாரையும் புகழாத மனிதர். அவரே “பரவாயில்ல” என்றார். நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டேன். மாலையில் கேள்வியைக் கேட்டோம். காலை ஆட்டிக்கொண்டு, “நான் தப்பு பண்றதில்லைங்க” என்றான். நம் ஒல்லி மெக்கானிக் மெதுவாக, “அப்ப அந்த லிஃப்ட் கூரைமேல மறந்து விட்டுட்டு வந்த டார்ச் யாருது?” என்றான். “என்னுது இல்ல.” டார்ச்சின் பின்னால் அவன் பெயர் ஒட்டியிருந்தது! ஆறு பேரும் ‘வேண்டாம்’. ஒரு டார்ச்சுக்காகவா என்று கேட்டேன். மூத்தவர், “நாளைக்கு அந்தக் கூரைமேல இவனை நம்பி நான் நிக்கணும்மா. சுவிட்சை அணைச்சிட்டேன்னு இவன் சொன்னா நான் எப்படி நம்புறது?” என்றார்.

இரண்டாவது, ஒரு பெண். தையல் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள். லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேள்வியைக் கேட்டதும், “கடைசித் தப்பா? இன்னைக்குக் காலையில உங்க ஏணியை உடைச்சிட்டேன். இவர்கிட்ட சொல்லிட்டேன். இவர்தான் சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் சொல்லாதேன்னாரு” என்று ஒல்லியைக் காட்டினாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு பேரும் ‘வேண்டும்’. தங்காச்சி, இத்தனை வருடத்தில் இந்த அலுவலகத்தில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை!

சின்னவன் விஷயம். அத்தான் காலத்தில் அவருடைய அண்ணன் பிள்ளைகள் இங்கே வந்து அடித்த கூத்து உனக்குத் தெரியும். உறவென்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ஆட்களின் முகம் மாறிவிடும். பார்க்கலாம்.

உன் அக்கா

———

மார்ச் 12

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பேத்திக்கும் என்னைப் போல முன்பல் விழுந்துவிட்டது. “பாட்டி, ஒரு வார்த்தை சரியா சொல்லு பார்ப்போம்” என்று நானும் அவளும் போட்டி போடுகிறோம்.

‘பார்க்கலாம்’ என்று நீ எழுதினால் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். அறுபத்தெட்டு வருடமாக உன்னைத் தெரியும். ஆனால் சின்னவன் உறவாக வரவில்லை. மற்றவர்களைப் போல ஒரு நாள் வேலை செய்துவிட்டு, மற்றவர்களைப் போல வெளியே உட்காருகிறேன் என்கிறான். “பெரியம்மா வீட்டுல தங்கமாட்டேன், லாட்ஜ்ல தங்குறேன். ஆகலைன்னா திரும்பி வந்துடறேன். இதுல என்னம்மா இருக்கு?” என்கிறான். டிக்கெட்டும் வாங்கிவிட்டான். இருபதாம் தேதி காலை உன் படியேறி வருவான். கண்ணெல்லாம் மின்னுகிறது அவனுக்கு. உன் கடிதங்களை அவனுக்குப் படித்துக்காட்டினது என் தப்புதான். “இப்படிக்கூட ஒரு இடம் இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஏழு பேரும் என்ன சொல்கிறார்களோ அதுதான். நீ ஒரு வார்த்தையும் சிபாரிசாகச் சொல்லாதே.

உன் தங்கை

———

ஏப்ரல் 6

என் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஓட்டம்தான். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதே.

இங்கே தினமும் ஒரு புதுமை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் எல்லோரும் நின்றுகொண்டே பேசுகிறோம். முந்தின நாள் எது தவறிப்போனது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஊமைகள் கூட்டம் மாதிரி இருந்தது. தையல் மெஷின்காரிதான் உடைத்துவிட்டாள். “நேத்து என்னை மூணாவது தெருவுக்குப் போகச் சொன்னா நாலாவதுக்குப் போயி அரை மணி நேரம் வேற யாரு லிஃப்டையோ துடைச்சிட்டு வந்தேன்.” இப்போது ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். மூத்தவரே ஒரு நாள், “போல்ட்டு ஒண்ணு லிஃப்ட் குழிக்குள்ள போட்டுட்டேன்” என்று தலையைச் சொறிந்தார். இன்னொரு ஆளும் சேர்ந்துவிட்டார், இப்போது எட்டுப் பேர். முன்பு தண்ணீர்க் குழாய் வேலை செய்தவர். வந்த மூன்றாம் நாளே போன் எடுக்கும் பெண்ணின் நாற்காலிச் சக்கரத்தை யாரும் சொல்லாமல் சரிசெய்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “உங்க ஆளுங்க சிரிச்சுக்கிட்டே வேலை பாக்குறாங்களே!” என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்னவன் வந்து போனான். உன்னைப் போலவே சாப்பிடுகிறான். நம் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை.

மழைக்காலத்துக்குள் இங்கே வந்து பத்து நாள் இரு.

உன் அக்கா

———

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

மாத்திரையை முழுதாகவே போடுகிறேன். உன் ஆட்கள் சிரிப்பது எனக்கும் சந்தோஷம்தான்.

சின்னவன் வீட்டில்தான் இருக்கிறான். யார்மேலும் கோபம் இல்லை. “ஆகலைம்மா, அவ்வளவுதான்” என்கிறான். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் சாப்பிடும்போது ஓயாமல் பேசுவான். இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். “என்ன தப்பு பண்ணினேன்னு யாராவது சொல்லியிருந்தா திருத்திக்கலாம்” என்று ஒரே ஒரு நாள் சொன்னான்.

அக்கா, முகம் தெரியாத ஒருவனின் டார்ச்சைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாய். ஏணி, போல்ட்டு, நாற்காலிச் சக்கரம் எல்லாம் எழுதினாய். என் பிள்ளைக்கு ஒரு வரி. அவன் என்ன செய்தான்? யார் ‘வேண்டாம்’ என்றது? கெட்டதாக இருந்தாலும் எழுது. நான் தாங்குவேன்.

உன் தங்கை

———

ஏப்ரல் 29

என் தங்கைக்கு,

சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது. காதுக் கருவியின் பேட்டரி அங்கே எளிதில் கிடைக்கிறதா? இல்லையென்றால் நான் வாங்கி அனுப்புகிறேன். மூன்றாவது ஆள் இன்னும் அமையவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. தலைக்குமேல் வேலை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் அக்கா

———

மே 8

அக்காவுக்கு,

நேற்று சின்னவனுக்கு ஒரு போன் வந்தது. உன் ஒல்லி மெக்கானிக். சத்தமாகப் பேசுகிறவர். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

“என்னப்பா, எங்களைப் பிடிக்கலைன்னு ஓடிட்டியே! இன்னும் இடம் காலியாத்தான் இருக்கு. மனசு மாறிச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“நானா ஓடினேன்? நீங்கதானே வேண்டாம்னீங்க?”

“யாரு சொன்னது? ஏழு பேரும் வேணும்னோம்யா! பெருக்குற அக்கா ரெண்டு கையையும் தூக்கிச்சு. நீதான் சம்பளம் பத்தலைன்னு போயிட்டன்னு அம்மா சொன்னாங்க.”

சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சின்னவன், “சரிண்ணே, பார்க்கலாம்” என்று வைத்துவிட்டான். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. கவனித்திருப்பாய்.

உன் தங்கை

———

மே 19

தங்காச்சி,

உன் கடிதம் வந்ததிலிருந்து இதை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

ஒல்லி சொன்னது உண்மை. ஏழு பேரும் ‘வேண்டும்’ என்றார்கள். ‘வேண்டாம்’ என்றது நான். ஓட்டு இல்லாத நான்.

உறவு என்பதால் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று முறை அப்படித்தான் எழுதினேன். அது இல்லை.

அன்றைக்கு அவன் ஒல்லியோடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனான். நான்கு மாடி. மெஷின் ரூம் சுவரில் ஒரு அட்டை தொங்கும். மாதாமாதம் போய்ப் பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மூன்று பேர் போன பிறகு டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே அனுப்ப எனக்கு ஆள் இல்லை. இல்லத்துக்காரர்களிடம் ‘ஆள் இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தான் இருந்தவரை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவர் போனதும் இவளால் முடியவில்லை என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். நானே படியேறிப் போய், இரண்டு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். லிஃப்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஒல்லி போனபோது அட்டையில் தேதியை மட்டும் பார்த்து, மூத்தவர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டானாம்; சின்னவனிடம் அவனே சொல்லியிருக்கிறான். உன் பிள்ளைக்கு என் கையெழுத்து தெரியும். உனக்கு வந்த கடிதங்களில் பார்த்திருக்கிறான்.

மாலைக் கூட்டத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் ‘வேண்டும்’ என்று சொல்லி, முடிவை அவனிடம் சொல்வதை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, தனியாக என் அறைக்கு வந்தான்.

“பெரியம்மா, அந்த ரெண்டு மாசமும் யாரும் போகலைபோல. கையெழுத்து உங்களுது.”

“வேலைக்கு வந்தியா, வேவு பாக்க வந்தியா?”

“உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. அதான் நல்லா இருக்கும்.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா? எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. “அவங்க ஏழு பேரும் வேண்டாம்னுட்டாங்க, நீ கிளம்பு” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை மூத்தவரை அந்த இல்லத்துக்கு அனுப்பி லிஃப்டை முழுக்கச் சோதிக்கச் சொன்னேன். ‘சத்தம் வருகிறதென்று புகார்’ என்று அவரிடமும் பொய். லிஃப்ட் நன்றாக இருந்தது. அது என் சாமர்த்தியம் அல்ல.

தினமும் காலையில் எட்டுப் பேர் என்முன் நின்று தங்கள் தப்பைச் சொல்கிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

அக்கா

———

மே 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சின்னவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் தந்தான். “பெரியம்மாவே எழுதினாங்களா?” என்றான். அவ்வளவுதான். ஆனால் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டான்.

என்னிடம் சொல்லிவிட்டாய். நான் உன் மெக்கானிக் இல்லை, அந்த இல்லத்தில் இருக்கிற கிழவியும் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நீ இரக்கப்பட்டுக் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். அந்த எட்டுப் பேர் எல்லாம் தெரிந்த பிறகும் கூப்பிட்டால் வருவானாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கை

———

ஜூன் 3

என் அருமைத் தங்காச்சிக்கு,

முழங்கால் இன்னும் முணுமுணுக்கிறது. மற்றபடி இத்தனை உற்சாகமாக நான் இருந்து பல வருடம் ஆகிறது! அலுவலகத்துக்கு வெளியே, வேலைக்கு வருகிறவர்களை உட்கார வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்து இதை ஆரம்பித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் மடிதான் காரணம்.

நேற்று முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சொன்னேன். செயலாளர் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். “எங்களுக்கு எண்பது வயசுக்காரங்க நாப்பது பேர் இருக்காங்க, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். வேறு கம்பெனியை வைத்துக்கொள்வதா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வைத்துக்கொண்டால் அது நியாயம்.

இன்று காலைக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் சொல்லி முடித்ததும், “நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். சின்னவனைப் பற்றிச் சொன்னேன். ஒல்லிதான் முதலில் வாயைத் திறந்தான். “ஏம்மா, அந்தப் பையனைப் போயி நான் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே!” போன் எடுக்கும் பெண் தலை குனிந்துகொண்டாள். மூத்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. “என்னையும் பொய் சொல்லித்தான் அனுப்பினீங்களா? முப்பது வருஷம்மா” என்றார். தையல் மெஷின்காரிதான், “அம்மா, வெளியே உக்காருங்க. நாங்க பேசணும்” என்றாள். வந்து உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம். உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின. ஒரு தடவை யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு கூப்பிட்டார்கள்.

கேட்டது இதுதான்: இனி எந்த அட்டையிலும் நான் கையெழுத்துப் போடலாமா? ஏழு பேர் ‘போடட்டும்’ என்றார்கள். மூத்தவர் ‘வேண்டாம்’ என்றார். ஒரு ‘வேண்டாம்’ போதும். பலகையில் நான் எழுதியதுதான். இனி அட்டைகள் அவர் பொறுப்பு. அத்தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். மறுபடி யோசித்தேன். மூத்தவரிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். “நாளைக்குக் காலையிலயும் வந்துடுங்கம்மா, எட்டு மணிக்கு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு சின்னவன். எட்டுப் பேரும் ‘வேண்டும்’! ஒல்லி அங்கேயே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

“வர்றியாப்பா?”

“எட்டுப் பேரும் சொல்றீங்களா?”

“இங்க ஒம்பது பேர் இருக்கோம். ஒருத்தருக்கு ஓட்டு இல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவனும் சிரித்தான், எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான். அப்புறம் என்னிடம் கொடுக்கச் சொன்னான். என்ன கேட்பானோ என்று போனை இரண்டு கையாலும் வாங்கினேன்.

“பெரியம்மா, அந்த முதியோர் இல்லத்து லிஃப்டுல பிரேக்கைக் கழட்டிப் பாத்தாங்களா, இல்ல மேலோட்டமாப் பாத்தாங்களா?”

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன். மூத்தவரிடம் போனை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்குகிறார், அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது தெரியும் என்பது போல. மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் மறுபடி பெஞ்சுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா